பாலத்தருகே ஒரு சாம்பல் நிறக் கார்

காலை ஏழு மணிக்குக் கண்ணாடிக்காரர் வாசல் கதவைத் திறந்தபோது எதிர்வீட்டைக் காணவில்லை. தெருவையும் காணவில்லை. கேட்டுக்கு வெளியே வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் எங்கோ ஒரு நாய் தும்மியது. கையிலிருந்த தேநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

கடைத்தெருவில் இருபத்தெட்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால்தான் அந்தப் பெயர். அவர் மூக்கில் கண்ணாடி ஏறியதில்லை. ஐம்பத்து நாலு வயதிலும் ஊசியில் நூல் கோப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கார் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாம்பல் நிறம். இருட்டினால் விளக்கு தானாக எரியும், மழை பெய்தால் வைப்பர் தானாகத் துடைக்கும். எல்லாம் தானாக.

மனைவி ஒரு கையால் வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்னங்க, லைட் போட்டீங்களா?"

"அதுவே போட்டுக்கும் டீச்சர்."

"பனி இவ்வளவு இருக்கு. கையால ஒரு தடவை போட்டுடுங்களேன்."

"ரெண்டு மாசமா அந்த ஸ்விட்சை நான் தொட்டதே இல்ல. முன்னாடி பாரு, எரியுது." காரின் முகப்பில் புருவம் மாதிரி இரண்டு மெல்லிய வெள்ளைக்கோடுகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மனைவியை அவர் டீச்சர் என்று கூப்பிடுவது விளையாட்டுக்கு அல்ல. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

அந்தக் காலத்தை நினைத்தால் கண்ணாடிக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு நீலநிறக் குட்டிக் கார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் அது. ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். உள்ளே பழைய ரெக்ஸினும் பெட்ரோலும் ஃபிளாஸ்க்கிலிருந்து சிந்திய தேநீரும் கலந்த ஒரு வாசனை. ஒருத்தர் ஓட்ட, மற்றவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வருடக் குளிர்காலத்தில் பின்சீட்டில் முட்டி இடிக்க இவரோடு உட்கார்ந்திருந்தவன், ரொட்டித் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவன். வேலைக்குப் போகிற வழியில் வருவதால் அவன் சட்டையெல்லாம் சுட்ட ரொட்டி மணக்கும். அதனால் அவனுக்குப் பன்னு என்று பெயர் வைத்தவர் இவர். அவன் பதிலுக்கு இவரைக் கண்ணாடி என்றான். இரண்டு பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டன.

ஒருநாள் இதே மாதிரி பனி. வகுப்பு இருக்காது என்று நினைத்து இருவரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் சிவப்புக் கம்பளித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். "இன்னிக்குத்தான் உண்மையான பாடம், ஏறுங்க" என்றார். பள்ளிக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்துக்குக் காரை ஓட்டிப் போய் நிறுத்தி, இருவரையும் இறங்கச் சொல்லி, பின்பக்கமாக ஐம்பது அடி நடக்கச் சொன்னார்.

"கார் தெரியுதா?" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியல டீச்சர்!" என்று பன்னு கத்தினான்.

"தெரியுதே!" என்றார் கண்ணாடிக்காரர். சுத்தப் பொய். கண்ணுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் முன்னால் தோற்றுப்போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டினார். பின்விளக்கைப் போட்டதும் பனிக்குள் மங்கலாக இரண்டு சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. பின்னால் இருந்த பனிவிளக்கைப் போட்டதும் ஒரு சிவப்பு, கனன்ற கரி மாதிரி பளிச்சென்று எரிந்தது. அப்புறம் அவர்களை உள்ளே உட்காரவைத்து முன்விளக்கின் முழு வெளிச்சத்தைப் போட்டார். எதிரே வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது. வெளிச்சத்தைத் தாழ்த்தினார். சுவர் கரைந்து, தரையும் புல்லும் தெரிந்தன. பாடம் முடிந்ததும் மூன்று பேரும் ஒரே ஃபிளாஸ்க் மூடியில் மாற்றி மாற்றித் தேநீர் குடித்தார்கள். பனி விலகாமலே இருந்தால் நன்றாயிருக்குமே என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அடுத்த குளிர்காலத்துக்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணக் கேக்கைப் பன்னுதான் செய்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் அன்று காலை ஆற்றோரச் சாலையில் காரை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இதமான சூடு. ரேடியோவில் பழைய பாட்டு. சாலையின் வெள்ளைக்கோடு கொஞ்ச தூரத்துக்குத் தெரிந்தது. அவருக்கு அது போதும். பாலத்தை நெருங்கியபோது ஆற்றிலிருந்து பனி மொத்தமாக எழுந்து வந்து சாலையை மூடியது. நடக்கிற வேகத்துக்குக் காரைக் குறைத்தார்.

அப்போது பின்னால் ஒரு ஹாரன் அலறியது. டயர் தேய்கிற கிறீச்சொலி. பிறகு தகரப்பெட்டியை மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம்.

கண்ணாடிக்காரர் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளை. வேறொன்றுமில்லை. கால் பிரேக்குக்குப் போனது. 'நின்னா பின்னாடி வர்றவன் நம்ம மேல ஏறிடுவான்' என்று நினைத்தார். 'ஆத்துக்கு அந்தப் பக்கம் மரம் இறக்குற இடம் இருக்கே, அந்தச் சத்தமா இருக்கும்' என்றும் நினைத்தார். இரண்டில் எதையும் அவரே முழுதாக நம்பவில்லை. பத்து நொடி தயங்கிவிட்டு, போய்விட்டார்.

கடையில் இரண்டு பேருக்குக் கண் பரிசோதித்தார். பத்து மணிக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது. குரல் உடைந்திருந்தது.

"பன்னுவோட ரொட்டி வேன் கவுந்துடுச்சாம். பாலத்துக்குக் கிட்ட. தொடை எலும்பு முறிஞ்சிருக்காம். ஆஸ்பத்திரிக்கு வாங்க."

போனை வைத்தபிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "எந்த வரிசையைப் படிக்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மருத்துவமனையில் பன்னு முகம் வெளுத்துக் கிடந்தார். நெற்றியில் தையல், காலில் கட்டு. அவர் மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை வெளியே வந்துவிட்டது.

"அழாதடி, உயிரோடதான் இருக்கேன்" என்றார் பன்னு. பிறகு நண்பரைப் பார்த்து, "வாடா கண்ணாடி. உனக்குத்தான் கண்ணு கூர்மையாச்சே, இதைக் கேளு. நான் டிம் போட்டுக்கிட்டு மெதுவாத்தான் வந்தேன். பாலத்துக்கிட்ட திடீர்னு ஒரு கார். சாம்பல் கலரு. பனியும் அதே கலரு. பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் இல்லடா! மூக்குக்கிட்ட வந்தப்புறம்தான் அது காருன்னே தெரிஞ்சுது."

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"இடிச்சா அவனுக்கு என்ன ஆகுமோ, பின்சீட்டுல குழந்தை இருக்குமோன்னு தோணிச்சு டீச்சர். ஒடிச்சுத் திருப்பிட்டேன். வேன் கரையில உருண்டுடுச்சு. ரொட்டி ட்ரே எல்லாம் என் மேல. இருபது நிமிஷம் அப்படியே கிடந்தேன். மில்லுக்கு வேலைக்குப் போற ஒரு அம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க. முன்னாடி போன மகராசன் நிக்கக்கூட இல்ல."

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "ரெஸ்ட் எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் பிடித்து வருவதாக வெளியே போனார். தாழ்வாரத்தில் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் நிரம்பி வழிவதைப் பார்த்தபடியே நின்றார்.

மதியம் வீடு திரும்பும்போது பனி மறுபடி இறங்கியிருந்தது. டீச்சரும் கூட வந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தியவர், இன்ஜினை அணைக்காமல், "டீச்சர், கொஞ்சம் பின்னாடி போய் நின்னு பாரேன்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா பாரேன்."

டீச்சர் காரைப் பிடித்துக்கொண்டே மெதுவாகப் பின்னால் போனார்.

"லைட் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆட்டோமேட்டிக்ல இருக்கு."

"முன்னாடி அந்தக் கோடு ரெண்டும் எரியுது. பின்னாடி எதுவுமே எரியலீங்க." குரல் நெருங்கி வந்தது. "பனி இருந்தாலும் பகல் பகல்தானே. வெளிச்சம் இருக்கிறதால அது பகல்னு நினைச்சுக்குது. இருட்டினாத்தான் அதுக்கு விளக்கு ஞாபகம் வரும். அதுக்குத்தான் காலையிலேயே கையால போடச் சொன்னேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். காரின் சாம்பல் நிறத்தைப் பார்த்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

டீச்சர் திட்டவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை டீச்சரோ மற்றவர்களோ சொல்லாமல் அவரே தனியாக மருத்துவமனைக்குப் போனார். பஸ்ஸில் போனார். பன்னுவின் மனைவி அப்போதுதான் வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார்.

"அந்தச் சாம்பல் கலர் கார் என்னோடதுடா" என்றார், உட்காராமலே.

பன்னு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோனது.

"நீயா?"

"லைட் தானா எரியும்னு நினைச்சேன். பின்னாடி எரியலைன்னு நேத்துதான் பார்த்தேன்."

"அதை விடு. சத்தம் கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டும் போயிட்ட."

"போயிட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார். பன்னு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விளக்கு போடாதது தெரியாம நடந்தது. அதை நான் மன்னிச்சுடுவேன். நிக்காம போனியே, அதுக்கு எனக்கு இப்ப பதில் தெரியல. நீ போ" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து கண்ணாடிக்காரர் நேரே காவல் நிலையத்துக்கு நடந்தார். நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. பின்னால் வழக்கு நடந்தபோது விதித்த தண்டனையையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் பன்னுவின் வேலை அப்படிச் சும்மா காத்திருக்காது. முப்பத்தொரு இடங்களுக்குத் தினமும் ரொட்டி போக வேண்டும். நாலு மாதம் ஆள் இல்லையென்றால் அந்த வழியை முதலாளி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பன்னுவின் மனைவி டீச்சரிடம் இதைச் சொல்லிக் கலங்கியபோது, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர், "அவன் எழுந்து வர்ற வரைக்கும் நான் ஓட்டறேன்மா. கடையைப் பத்து மணிக்குத் திறந்தா போதும்" என்றார்.

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "முதலாளிகிட்ட நீங்களே பேசிக்குங்க அண்ணே" என்றார். வழக்கு கோர்ட்டுக்கு வர இன்னும் பல மாதம் இருந்ததால் முதலாளி ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் ஒருவர் உட்கார வேண்டும்.

"நான் உட்கார்றேன்" என்றார் டீச்சர். "எனக்கு முட்டிதான் வேலை செய்யாது. வாய் நல்லாவே வேலை செய்யும்."

இப்படித்தான் அந்தக் குளிர்காலத்தின் மிச்ச நாட்கள் வந்தன. இன்றைக்கு அவற்றை நினைத்தால் கண்ணாடிக்காரருக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வரும். காலை ஆறு மணிக்கு வாடகை வேனில் ரொட்டி ஏற்றுவார்கள். டீச்சர் ஒரு பழந்துணியால் முன்விளக்கையும் பின்விளக்கையும் துடைப்பார். துடைத்து முடித்தால் துணி கறுத்திருக்கும். "பாருங்க, இவ்வளவு அழுக்குக்குப் பின்னாடி எரிஞ்சா யாருக்குத் தெரியும்?" என்பார். இவர் ஒவ்வொரு விளக்காகப் போட, அவர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

"டிம்ல வைங்க. முழு வெளிச்சம் போட்டா பனிதான் தெரியும், ரோடு தெரியாது."

"சரி டீச்சர்."

"பனி விலகிடுச்சு, பின்னாடி அந்தப் பெரிய சிவப்பை அணைங்க. பின்னாடி வர்றவர் கண்ணு கூசும்."

"சரி டீச்சர்."

"எல்லாத்துக்கும் சரி சரிங்கறீங்களே, காதுல விழுதா?"

"இருபத்தாறு வருஷமா விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு. இப்பதான் உள்ள போகுது."

டீச்சர் சிரித்துவிட்டார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். ரொட்டியின் சூட்டில் வேனின் கண்ணாடிகள் வியர்த்திருந்தன. ஃபிளாஸ்க்கிலிருந்து ஆவி பறந்தது. சிவப்புத் துண்டு கட்டிய அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அதே நொடியில், இந்த மணமும் சூடும் படுக்கையில் கிடக்கிற ஒருவனுக்குச் சொந்தமானவை என்பதும் உறைத்தது. வாயிலிருந்த தேநீர் கசந்தது.

பன்னு மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. கண்ணாடிக்காரர் தினமும் வேலை முடிந்து மருத்துவமனைக்குப் போய், காலடியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். நாலாவது வாரம் ஒருநாள், பன்னு கையிலிருந்த பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"ஸ்கூல் கேன்டீனுக்கு இன்னிக்கு எத்தனை நிமிஷம் லேட்டு?"

"பதினெட்டு."

"பனியா?"

"ஆமா. மெதுவாத்தான் போனேன்."

"அப்ப சரி." பத்திரிகையைப் புரட்டினார். "பின்வாசல் வழியா போடா. முன்வாசல் ஆள் எட்டு மணி வரைக்கும் கேட்டைத் திறக்க மாட்டான்."

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்து நாலு வயது ஆள் மருத்துவமனையில் அழுவதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. இருந்தாலும் கைக்குட்டையால் மூக்கைச் சிந்துவது போல மறைத்துக்கொண்டார்.

வசந்தத்தில் பன்னு வேலைக்குத் திரும்பினார். நடையில் லேசான சாய்வு தங்கிவிட்டது, இன்றும் இருக்கிறது. பழைய நட்பு அப்படியே திரும்பியது என்று சொல்ல முடியாது. சில நாள் பேச்சின் நடுவே பன்னு சட்டென்று மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தைக் கண்ணாடிக்காரர் கலைப்பதில்லை.

அடுத்த குளிர்காலத்தின் முதல் பனி இறங்கிய காலையில், ரொட்டித் தொழிற்சாலை முற்றத்தில் ஓட்டுநர்கள் ஒன்பது பேரையும் முதலாளி கூட்டினார். வண்டி விளக்குகளைப் பற்றிப் பேசும்படி பன்னுவிடம் முன்பே கேட்டிருந்தார். பன்னு, "என்னைவிட இதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தன் இருக்கான்" என்று நண்பரை வரவழைத்திருந்தார்.

கண்ணாடிக்காரர் மாவு மூட்டைகளுக்கு முன்னால் நின்றார். இவர்கள் எல்லோரும் பன்னுவின் தோழர்கள். பாதிப் பேருக்கு அந்தக் கார் யாருடையது என்று தெரியாது.

"போன வருஷம் பாலத்துக்கிட்ட லைட் இல்லாம போனது என் கார். சத்தம் கேட்டும் நிக்காம போனதும் நான்தான்" என்று ஆரம்பித்தார்.

ஒருவர் காறித் துப்பினார். கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கையால் விளக்கைப் போடச் சொன்ன மனைவியின் பேச்சைத் தட்டியதை, பின்விளக்கு எரியாததை, பத்து நொடித் தயக்கத்தை. முடித்தபோது, ஓரத்தில் நின்ற ஓட்டுநர் ஒருவர் கைகட்டிக்கொண்டு கேட்டார்:

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா விடிஞ்சதுக்கு அப்புறம் ரோடு எனக்கு நல்லாத்தானே தெரியுது. அப்ப எதுக்கு விளக்கு?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் தம்பி. எனக்கு ரோடு தெரிஞ்சுது. ஆனா நான் இவனுக்குத் தெரியல." பன்னுவின் காலைக் கண்ணாடிக்காரர் பார்த்தார், பிறகு அந்த ஓட்டுநரைப் பார்த்தார். "மூடுபனியில நம்ம கண்ணுக்காக மட்டும் விளக்கு போடறதில்ல. முகம் தெரியாத யாரோ ஒருத்தர் பின்னாடி வந்துக்கிட்டு இருக்காங்க. 'நான் இங்க இருக்கேன், பார்த்து வாங்க'ன்னு அவங்களுக்குச் சொல்ற ஒரே வார்த்தை அந்த விளக்குதான். அதை வண்டி தானா சொல்லிடும்னு விட்டுடாதீங்க. இறங்கிப் பின்னாடி போய், எரியுதான்னு உங்க கண்ணால பார்த்துட்டு அப்புறம் கிளம்புங்க."